கடுகண்ணாவை ஏற்றமும் எஞ்சின் உருளைகளும்

கொழும்பிலிருந்து கண்டிமாநகரை நோக்கிச் செல்லும் புகைவண்டிப் பாதை றம்புக்கணை வரையும் இரட்டைப் பாதையாகச் சென்று, அங்கே ஒற்றைப் பாதையாகக் குறுகுகின்றது. சமநிலம் முடிவதும் மலை தொடங்குவதும் அவ்விடத்திலேயே. றம்புக்கணை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 290 அடி உயரத்தில் உள்ளது. கடுகண்ணாவை ஏறத்தாழ 1,700 அடி உயரத்தில் உள்ளது. இவற்றுக்கிடைப்பட்ட தூரம் பன்னிரண்டு மைல் அளவினதே. அலகல்லை மலையின் பக்கத்தைச் சுற்றி, சுரங்கங்களை ஊடறுத்து, இகலக்கோட்டை, பலனை ஆகிய நிலையங்களைக் கடந்து செல்லும் அப்பாதை 45 அடி தூரத்துக்கு ஓரடி வீதம் இடையறாது உயர்கின்றது. நேர்ப்பாதையும் அங்கு அரிது. வளைவுகளிற் சில 660 அடி ஆரை மாத்திரமே உடையன.

பாரவூர்தியும் பிக்கப் வண்டியும் வைத்திருப்போர் கண்டிப் பகுதியிலே ஓயாது வாதிடும் பொருள் ஒன்றுண்டு. கொள்ளளவிற் பெரியதும் மெதுவாகச் சுழல்வதுமாகிய பழைய பொறி சிறந்ததா, சிறிய உருளைகளைக் கொண்டு விரைந்து சுழலும் புதிய பொறி சிறந்ததா என்பதே அது. பழையதன் பக்கத்தார் அதன் இழுவையையும் நீடித்த உழைப்பையும் எடுத்துக்காட்டுவர். புதியதன் பக்கத்தார் குதிரைவலுக் கணக்கையும் எண்ணெய்ச் சிக்கனத்தையும் காட்டுவர். இவ்வாதம் மோட்டார் வண்டிக்கு மட்டும் உரியதன்று. றம்புக்கணைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே தண்டவாளத்தின்மீது அது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவந்தது. அங்கே அதற்குக் கிடைத்த விடையை ஆராய்வது, இக்காலத்து வண்டிகளை மதிப்பிடுவோர்க்கும் பயன்தரும். இக்கட்டுரையில் எஞ்சின் என்பது வண்டித்தொடரை இழுப்பதையும், பொறி என்பது அதனுள் எரிபொருளைக் கொண்டு வலுவைப் பிறப்பிப்பதையும் குறிக்கும்.

1815இல் கண்டியிராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. சேர் எட்வேட் பாண்ஸ் தேசாதிபதியாக இருந்த காலத்தில், 1820 முதலாகக் கொழும்பு-கண்டித் தெரு அமைக்கப்பட்டது. அதனை அமைப்பதில் முன்னின்று உழைத்து 1829இல் இறந்த கப்டன் டோசன் என்பாருக்கு எழுப்பிய உயர்ந்த தூபி கடுகண்ணாவையிலே தெருவோரத்தில் நிற்கின்றது. அத்தெருவழியே மலைநாட்டுக் கோப்பி கொழும்புக்கு இறங்கிற்று. தோட்டத் தொழிலாளர்க்கு வேண்டிய அரிசி மேலேறிற்று. இரண்டையும் சுமந்தவை மாட்டு வண்டிகளே. கோப்பிப் பயிர் பெருகியபோது வண்டிகளும் மாடுகளும் போதாவாயின. கூலியும் ஏறிற்று, மழைக்காலத்தில் சரக்கு வழியிலேயே தங்கிக் கெட்டது. மயிற்பீலியாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் அரசர்க்குச் சொன்ன உவமை, அக்காலத்துத் தோட்டத்துரைமார்க்கு உவமையாகத் தோன்றியிராது. அவர்கள் நாள்தோறும் கண்ட காட்சியாகவே இருந்திருக்கும்.

1858இல் தேசாதிபதி சேர் கென்றி உவோட் புகையிரதப் பாதைக்கு முதல் மண்ணை வெட்டினார். பின்னர் பேவியெல் என்பவர் ஒப்பந்தகாரராகவும், கில்போட் மோல்சுவேத் தலைமைப் பொறியியலாளராகவும் அமைந்து வேலையை நடத்தினர். 1864 திசெம்பர் 27இல் முதல் வண்டி அம்பேபுசை வரை ஓடிற்று. 1867இல் பாதை கண்டியை எட்டிற்று. மலையைக் குடைந்தும் பாறையைத் தகர்த்தும் உழைத்தவருள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர். அடிவாரக் காடுகளின் காய்ச்சலுக்குப் பலியானோரும் அவருட் பலர். டோசனுக்குத் தூபி உண்டு. இவர்களுக்கு அப்பாதையே உளது.

பாதை கண்டியை அடைந்த அதே 1867இல், கண்டியை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்தில் யேம்சு தெயிலர் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலையைப் பயிரிட்டார். 1869இற் கண்ட இலைநோய் கோப்பியைச் சிறிது சிறிதாக அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கென இட்ட பாதை தேயிலைக்கு உதவிற்று என்பது வரலாற்றின் வேடிக்கை. ஆனால் தேயிலை கொழுந்தாக இறங்குவதன்று, தோட்டத்திலேயே பதப்படுத்தற்பாலது. எனவே உருட்டும் இயந்திரங்களும் உலர்த்தும் இயந்திரங்களும் அவற்றை ஓட்டும் பொறிகளும் மலைமேற் செல்லவேண்டியிருந்தன. பாதையும் 1885இல் நானு ஓயாவையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. அங்கெல்லாம் செல்லும் பாரம் முழுவதும் முதலிலே கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்தாகவேண்டும்.

அப்பாரத்தை ஏற்றுவதற்கு எவ்வளவு வலு வேண்டும் என்பதை ஒரு மாணவனும் கணிக்கலாம். எஞ்சின் உட்பட வண்டித்தொடர் 250 தொன் நிறையுடையது என்று கொள்க. 45இற்கு ஒன்றாகிய சாய்வில் அதனைப் பின்னோக்கி இழுக்கும் விசை 250ஐ 45ஆல் வகுத்ததாகும். ஏறத்தாழ ஐந்தரைத் தொன். அதனை மணிக்கு 15 மைல் வேகத்தில் மேலே கொண்டுசெல்ல ஏறத்தாழ 500 குதிரைவலு வேண்டும். இது புவியீர்ப்பை வெல்லுதற்கு மாத்திரம். உராய்வுக்கும் வளைவுகளிற் சில்லுகள் தேய்ந்து செல்வதற்கும் வேறு வேண்டும். சமநிலத்தில் இதே தொடரை இதே வேகத்தில் ஓட்டுவதற்கு இதிற் சிறுபகுதியே போதும்.

ஆயினும் வலு இருந்தால் மாத்திரம் போதாது. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளவேண்டும். உந்துசில்லுகளின் மேலுள்ள நிறையில் ஏறக்குறைய நாலிலொரு பங்குக்கு மேற்பட்ட விசையைப் பிரயோகித்தால், சில்லு நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. பனியும் மழையும் உதிர்ந்த இலைகளும் அப்பிடியை இன்னும் குறைக்கும். மலையேற்றத்தில் எஞ்சினுடைய தகுதியை அறுதியிடுவது இதுவே.

நீராவி எஞ்சினுக்குப் பெரும்பாலும் இரண்டே உருளைகள். ஆனால் அவை பெரியன. ஒவ்வோர் உருளையினுள்ளும் முசலத்தின் இருபக்கத்திலும் நீராவி மாறிமாறித் தாக்குவதால், சில்லு ஒருமுறை சுழல்வதற்குள் நான்கு உந்தல்கள் கிடைக்கின்றன. இவ்வுந்தல்கள் ஒரே சீரானவையல்ல. சுழற்சியின் ஓரிடத்தில் இழுவை உச்சமடையும், மற்றோரிடத்தில் தாழும். உச்சத்தில் சில்லு வழுக்காதிருக்க வேண்டுமாயின், சராசரி இழுவையைக் குறைத்தே வைத்தல் வேண்டும். அதனாலேயே சாரதி தண்டவாளத்தில் மணலைத் தூவிக்கொண்டு, நீராவியை அளந்து விடுவார். அதுவும் போதாதவிடத்து, றம்புக்கணையில் இன்னோர் எஞ்சினைத் தொடரின் பின்னே பூட்டித் தள்ளுவிப்பர். ஓர் ஏற்றத்துக்கு இரண்டு எஞ்சின்கள், இரண்டு சாரதிகள், கரி வாரிப் போடுவோர் இருமடங்கு. சுரங்கத்தினுள் முன்னெஞ்சினின் புகையையும் தம் எஞ்சினின் வெப்பத்தையும் ஒருங்கே தாங்கி, அடுப்புவாயின் முன் நின்றவர்களின் உழைப்பை எந்தக் குதிரைவலுக் கணக்கும் காட்டாது.

இலங்கையில் மிகுதியும் பழகிய நீராவி எஞ்சின் பி1 வகையாகும். அவ்வகையின் எஞ்சின்களுக்குப் பழைய தேசாதிபதிகளின் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பத்துச் சில்லுகள். அவற்றுள் ஆறே உந்துசில்லுகள். ஏனைய நான்கின்மேற் கிடக்கும் நிறை இழுவைக்குப் பயன்படுவதில்லை. எஞ்சினை இன்னும் பெரிதாக்கினால் என்னவென்று கேட்கலாம். பெரிதாக்கினால் நீளும், நீண்டால் வளைவிலே திரும்பாது. நிறை கூடினால் பாலங்கள் தாங்கா. பெரிய உருளை என்னும் வழி மலையில் இவ்வாறு அடைபட்டது.

அதற்கு மான்செஸ்ரரிலிருந்த பேயர் பீக்கொக் தொழிற்சாலை கண்ட மாற்று, கறற் எனப்படும் எஞ்சின். ஒரு பெருங்கொதிகலனை நடுவே தூக்கி வைத்து, அதன் இருமுனையிலும் இரண்டு தனித்தனிச் சில்லுத் தொகுதிகளைப் பூட்டிய அமைப்பு அது. நான்கு உருளைகளும் பன்னிரண்டு உந்துசில்லுகளும் உடையது. நடுவிற் பிணைப்புகள் இருத்தலின் வளைவில் அரவம்போல் நெளிந்து செல்லும். 1927இல் ஒன்றும், 1945இல் எட்டும் இலங்கைக்கு வந்தன. உருளைகளின் எண்ணிக்கையைக் கூட்டுதல் டீசல் எஞ்சினோடு தொடங்கிற்று என்று கருதுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒரு பெரிய எஞ்சினைச் சுமக்கமாட்டாத பாதை, பாரத்தைப் பல அச்சுக்களிற் பங்கிடுமாறு கேட்டது. உருளைகள் அதற்கேற்பப் பெருகின.

டீசற் பொறி இலங்கைத் தண்டவாளத்துக்குப் புதிதாக வந்தது 1950களில் அன்று. 1938இலேயே வெள்ளியின் பெயரைத் தாங்கிய மூன்று டீசல் வண்டித்தொடர்கள் ஓடின. ஆயினும் பெருமாற்றம் நிகழ்ந்தது 1953இலும் அதன் பின்னருமேயாம். பிரதம பொறியியலாளராகவும், 1955 முதற் பொது முகாமையாளராகவும் விளங்கிய பி. டி. ரம்பாலா அம்மாற்றத்துக்குத் தலைமை தாங்கினார். பிரித்தானியாவிலிருந்து பிரசு பக்னல் தொழிற்சாலையின் எம்1 வகை எஞ்சின்கள் இருபத்தைந்து வந்தன. அவற்றிற்குப் பன்னிரண்டு உருளைகளையுடைய மிர்லீசுப் பொறி. 1954 முதல், கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் எம்2 வகை எஞ்சின்கள் வந்தன. ஒன்ராறியோ, அல்பேட்டா, மனிற்றோபா என்று கனடாவின் மாகாணப் பெயர்களைப் பூண்டு அவை ஓடின. தேசாதிபதிகளின் பெயருடைய எஞ்சின்கள் ஒதுங்க, மாகாணங்களின் பெயருடையவை முன்வந்தமை காலத்தின் குறிப்பாகவும் கொள்ளத்தக்கது.

எம்2 எஞ்சினின் பொறியை உற்று நோக்குதல் தகும். அதன் உருளை ஒவ்வொன்றும் எட்டரை அங்குல விட்டமும், பத்து அங்குல வீச்சும் உடையது. கொள்ளளவு 567 கன அங்குலம். அவ்வெண்ணே அப்பொறியின் பெயராயிற்று. இலீற்றரிற் சொன்னால் ஓர் உருளை ஒன்பதுக்கு மேல். பன்னிரண்டும் சேர்ந்தால் நூற்றுப்பதினொன்று. இக்காலத்து ஐலக்சு பிக்கப் வண்டியொன்றின் முழுப்பொறி 2.4 இலீற்றர் என்றால், அதுபோன்ற மூன்று பொறிகளின் கொள்ளளவுக்கு மேல் இதன் ஓர் உருளைக்குள் அடங்கும். ஆகவே எம்2ஐப் பெரிய உருளையின் பக்கத்திலும் நிறுத்தலாம். பல உருளையின் பக்கத்திலும் நிறுத்தலாம். அது நிமிடத்துக்கு 835 சுற்றுக்கு மேற் சுழல்வதில்லை. ஈரடிப் பொறியாதலால் ஒவ்வொரு சுற்றிலும் பன்னிரண்டு உந்தல்களையும் தந்து, 1,425 குதிரைவலுவைப் பிறப்பிக்கும்.

உந்தல்களின் கணக்கை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது வேறுபாடு நன்கு புலனாகும். பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் எண்ணெயால் ஓடும் ஒற்றையுருளைப் பொறிகள் இருந்தன. கண்டிக்கு மேலே அந்தனையில், 1925இல் எழுந்த தொழிற்சாலைக் கட்டடம் இப்போது தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது; தொழிற்சாலைப் பொறிகளின் பருமையை அங்கே காணலாம். நாலடி முறையில் இயங்கும் ஒற்றையுருளைப் பொறிக்கு இரண்டு சுற்றுக்கு ஓர் உந்தலே உண்டு. இடைப்பட்ட நேரமெல்லாம் பொறியைச் சுழற்றிக் கொண்டிருப்பது பாரமான பறப்புச் சில்லு. நீராவி எஞ்சினுக்கு ஒரு சுற்றில் நான்கு, எம்1இன் நாலடிப் பொறிக்கு ஆறு, எம்2க்குப் பன்னிரண்டு. தொழிற்சாலையிலே நிலைத்து நின்று ஒரே வேகத்தில் ஒரே தண்டைச் சுழற்றும் பொறிக்குப் பறப்புச் சில்லு போதும். அங்கே ஒற்றையுருளை குறையன்று, எளிமையாற் பெருமையே. மலையேறும் எஞ்சினோ பறப்புச் சில்லை நம்பியிருக்க முடியாது.

இங்கே ஒரு திருத்தம் இன்றியமையாதது. டீசல் எஞ்சின் சீராக இழுப்பது அதன் உருளைகள் பலவாதலால் என்று பலரும் கூறுவர். அது பாதி உண்மை. அவ்வெஞ்சினிலே பொறி சில்லை நேரே சுழற்றுவதில்லை. பொறி மின்பிறப்பாக்கியைச் சுழற்றும். அம்மின் அச்சுக்களிற் பூட்டிய மோட்டார்களுக்குச் செல்லும். அம்மோட்டார்களே சில்லுகளைச் சுழற்றும். மின்மோட்டாரின் முறுக்கம் சுற்றின் எவ்விடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவினது. சில்லின் பிடிக்கு உட்பட்ட எல்லை வரையும் அச்சமின்றி இழுக்கலாம். கடுகண்ணாவையில் நீராவியை வென்ற பெருமையில் பெரும்பங்கு இம்மின்முறைக்கே சேரும். உருளைகளின் பெருக்கம் செய்த உதவி வேறு: அளவான நீளத்துள் ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைவலுவை அடக்கித் தந்தமை.

எரிபொருட் கணக்கும் டீசலுக்கே சார்பாயிற்று. நீராவி எஞ்சின் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறேழு பங்கையே வேலையாக மாற்றும். டீசல் எஞ்சின் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு வரை மாற்றும். இலங்கையில் நிலக்கரியும் இல்லை, எண்ணெயும் இல்லை. இரண்டும் கடல்கடந்து வருவனவே. 1970ஆம் ஆண்டை ஒட்டி நீராவி எஞ்சின்கள் ஒழுங்கான சேவையிலிருந்து நீங்கின. ஆனால் அவற்றோடு நீங்கிய நன்மையும் ஒன்றுண்டு. நீராவி எஞ்சினின் உறுப்புகள் பெரும்பாலும் வெளியே தெரிவன; பழுதும் கண்ணுக்கும் காதுக்கும் புலப்படும்; கைதேர்ந்த கொல்லரும் கடைச்சற்காரரும் உள்நாட்டிலேயே ஓர் உறுப்பை அடித்தும் கடைந்தும் ஈடுசெய்வர். டீசற் பொறியிலோ எண்ணெயைச் சிந்தும் மிகச்சிறிய துளை அடைபட்டாலும் உருளை ஓய்ந்துவிடும். அதற்குரிய உறுப்பு அயல்நாட்டிலிருந்தே வருதல் வேண்டும். அந்நியச் செலாவணி அருகி இறக்குமதி கட்டுப்பட்டிருந்த 1960களிலும் 1970களிலும் இது சிறிய காரியமன்று. வண்டி நின்றால் மலைநாட்டுக்கு அரிசியும் மாவும் ஏறா, தேயிலை இறங்காது.

இந்நிலையிலேதான் பொறிகளின் உண்மையான தராதரம் வெளிப்பட்டது. 1979இல் இருவகை எஞ்சின்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தன. ஒன்று ஜப்பானின் ஹிற்றாச்சி அமைத்த எம்5. மற்றொன்று மேற்கு ஜேர்மனியின் கென்செல் அமைத்த எம்6. எம்5இன் பொறி விரைந்து சுழல்வது. அளவுக்கு மிஞ்சிய வலுவைச் சிறிய உடலுக்குள் அடக்கியது. எம்6இன் பொறியோ எம்2இனுடைய பொறியின் நேர் வழித்தோன்றல். பன்னிரண்டு உருளைகள், ஒவ்வொன்றும் 645 கன அங்குலம், வீச்சு அதே பத்து அங்குலம், வேகம் நிமிடத்துக்கு 900 சுற்று, வலு ஏறத்தாழ 1,650 குதிரை. இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் அதன் அமைப்பாளர் செய்தது உருளையின் விட்டத்தை அரை அங்குலத்துக்குச் சற்று மேலாகப் பெருக்கியதே. எம்5 எஞ்சின்களின் முதற்பொறிகள் நீடித்து நிலைக்கவில்லை. பின்னர் வேறு பொறிகள் பூட்டப்பட்டு, அவ்வகையே பல கிளைப்பெயர்களாகப் பிரிந்தது. எம்6 எஞ்சின்கள் தம் பொறிகளோடேயே மலைநாட்டுப் பாதையில் நெடுங்காலம் உழைத்தன.

விரைந்து சுழலும் பொறி தாழ்ந்தது என்று இதனாற் கூறிவிடுதல் பொருந்தாது. வேறு நாடுகளிலே அத்தகைய பொறிகள் சிறப்புற உழைத்ததுண்டு. மலையேற்றத்திலே முழுவலுவில் நெடுநேரம் மெதுவாகச் செல்லுதலும், பராமரிப்பிற் குறைவும் சேரும்போதுதான் அவை இடருறும். எம்2, எம்6 பொறிகளின் சிறப்பு அவற்றின் வலுவில் அன்று, உருளையைக் கழற்றும் முறையில் உளது. உருளையும் அதன் மூடியும் முசலமும் தண்டும் ஒரு கட்டாக மேலே தூக்கி எடுக்கத்தக்கவை. பன்னிரண்டில் ஒன்று பழுதுற்றால், பொறி முழுவதையும் இறக்காமல் அவ்வொன்றை மாத்திரம் நீக்கி வேறொன்றை இடலாம். புதிய 645 உருளைக்கட்டைப் பழைய 567 பொறிகளின் பிற்காலத்து உடலிலும் பொருத்தலாம் என்னும்படி அமைப்பாளர் அதனை வகுத்திருந்தனர். உறுப்புகளுக்குத் தவிக்கும் நாட்டுக்கு இதனினும் பெரிய கொடை இல்லை.

தெருவிலும் இதே கதை சிறிய அளவில் நிகழ்ந்தது. 1958இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபின், இலண்டன் நகரத் தெருக்களில் ஓடிப் பழகிய இரட்டைத்தட்டுப் பஸ்கள் பல இங்கு வந்தன. அவற்றுட் சிலவற்றின் இலேலண்டுப் பொறி ஆறு உருளைகளும் 9.8 இலீற்றர் கொள்ளளவும் உடையது; நிமிடத்துக்கு 1,800 சுற்றில் 125 குதிரைவலுவைத் தந்தது. மேலே கூறிய 2.4 இலீற்றர்ப் பிக்கப் பொறி நான்கு உருளைகளோடு, காற்றை அமுக்கிச் செலுத்தும் சுழலியின் உதவியால், 3,400 சுற்றில் ஏறத்தாழ 150 குதிரைவலுவைத் தருகின்றது. கொள்ளளவு நாலிலொன்று, வலு அதிகம். ஆனால் பாரத்தோடு நின்ற நிலையிலிருந்து புறப்படும் வேளையில், ஆயிரம் சுற்றிலேயே பழைய பொறி தந்த முறுக்கத்தைப் புதியது எந்தச் சுற்றிலும் தருவதில்லை. பற்சில்லுகளை மாற்றியே அதனை ஈடுசெய்கின்றது. பல உருளைகள் என்று வாதிடுவோர் கவனிக்கத்தக்க இன்னொன்று: தெருவில் வெற்றிபெற்ற புதிய பொறிக்கு உருளைகள் கூடவில்லை, குறைந்தன. ஆகவே எண்ணிக்கையை வைத்துப் பழமை புதுமை பேசுதல் பிழையான அளவுகோலாகும்.

கடுகண்ணாவை நிலையத்தை அடுத்து, முதல் வண்டி ஓடி 150 ஆண்டு நிறைந்த 2014 திசெம்பர் 27இல் தேசிய புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. ஏற்றம் முடியும் இடத்தில் அதனை அமைத்தவர்களின் எண்ணம் பாராட்டத்தக்கது. அங்குச் செல்லும் மாணவர் பெரும்பாலும் நீராவி எஞ்சின்களின் முன்னேயே நின்று படம் பிடிப்பர். டீசல் எஞ்சின்களைச் சும்மா பார்த்துவிட்டுப் போவர். நீராவி எஞ்சினின் உறுப்புகள் தம் வேலையைத் தாமே காட்டுவதால் அது இயல்பே.

ஆனால் டீசல் எஞ்சின்களுக்குள்ளும் சொல்லத்தக்க வரலாறு உடையவை உண்டு. எம்2 வகையைச் சேர்ந்த, 591ஆம் இலக்கத்து மனிற்றோபா, 2004 திசெம்பர் 26இல் மாத்தறை நோக்கிச் சென்ற வண்டித்தொடரை இழுத்துச் சென்றது. பெரலியவில் ஆழிப்பேரலை அத்தொடரைப் புரட்டிப் போட்டது; ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சினும் தண்டவாளத்தினின்று தூக்கியெறியப்பட்டு உப்புநீரிற் கிடந்தது. அதனைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசென்று, உறுப்புறுப்பாகக் கழற்றிச் சீர்செய்தனர். 2008இல், அந்த அரை நூற்றாண்டு முதிர்ந்த எஞ்சின் மீண்டும் பயணிகளை ஏற்றிய வண்டித்தொடரை இழுத்துச் சென்றது.